சுகுமாறன் நடந்த நடை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் காப்புறுதி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எனக்குப் பக்கத்து மேசை சுகுமாறனுடையது. காப்பாரிலிருந்து கிள்ளானுக்கு மோட்டார்சைக்கிள், அங்கிருந்து ரயில், பிறகு நாற்காலி. மாலை ஐந்தரைக்குத்தான் எழுந்திருப்பார். மதியச் சாப்பாட்டைக்கூட யாராவது கட்டி வந்து தர வேண்டும். நல்ல மனிதர், ஆனால் அசையாத மனிதர்.

எங்களைத் திருத்தவென்றே மனிதவளப் பிரிவுக்கு கார்த்திகா வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், வேலை விசாவில் வந்தவள். முதலில் மேசைக்கு மேசை ஒரு கிண்ணம் பாதாம். அடுத்து வாரம் ஒரு யோகா. டிசம்பரில் ஆளுக்கொரு கைக்கடிகாரம் தந்தாள், நடக்கும் அடிகளை எண்ணுகிற ரகம். மாத முடிவில் முதலில் வருபவருக்கு ஒரு நாள் விடுப்பு, எந்த நாள் கேட்டாலும் உண்டு.

சுகுமாறன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜனவரியிலிருந்து தணிக்கை, எங்கள் பிரிவில் யாருக்கும் லீவு கிடையாது. தைப்பூசத்தன்று பொது விடுமுறைதான்; அவர் மகள் வாணியோ கூட்டத்துக்குப் பயந்து, தைப்பூசத்துக்கு முதல் நாளே பத்துமலையில் பால்குடம் எடுக்கிறாள். அப்பா முன்னால் உறுமி வாசித்துக்கொண்டு போனால்தான் எடுப்பேன் என்று அடம். ஆமாம், இந்த அசையாத மனிதர் காப்பாரில் உறுமி மேளக் குழு வைத்திருக்கிறார்.

"மலரு, இந்த லீவு எனக்குக் கெடைச்சே ஆகணும் லா," என்றார் என்னிடம்.

முதல் வாரம் அவர்தான் கடைசி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாற்பதாயிரம் அடி! அதுவரை முதலிடத்தில் இருந்த நான் இரண்டாம் இடத்துக்கு இறங்கினேன். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நான்தான் போய்ப் புகார் சொன்னேன்.

மாதக் கடைசியில் கார்த்திகா எல்லோரையும் கூட்ட அறைக்கு அழைத்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாப்பதாயிரம் அடியும் ஒரே எடத்துல காட்டுது. எங்க நடந்தீங்க?"

"நடக்கலம்மா. உக்காந்துதான் இருந்தேன்."

தோல் மாற்றக் கொடுத்திருந்த உறுமியை அன்று மதியம்தான் கடையிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். அதை எடுத்து வந்து, வளைந்த குச்சியால் தேய்த்தார். அறையே உறுமியது. மணிக்கட்டில் எண்கள் ஓடின.

"இதுதாம்மா. பிராக்டிஸ் பண்ணப் பண்ண ஏறுச்சு, அப்படியே விட்டுட்டேன். மக பால்குடத்துக்காக."

"ஆனா இது நடை இல்லையே, சார்."

"இல்லதாம்மா," என்று கடிகாரத்தைக் கழற்றத் தொடங்கினார். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கார்த்திகா என் பக்கம் திரும்பினாள். "அப்போ மலர்விழி மேடம்தான். நீங்க நெஜமா நடந்ததுதானே?"

ஆமாம் என்றால் லீவு எனக்கு. நானும் என் கடிகாரத்தைக் கழற்றினேன்.

"பேரனோட ஸ்பிரிங் தொட்டில்ல கட்டி விட்டேன்," என்றேன். மானம் கப்பலேறியது.

மூன்றாம் இடத்திலிருந்த விஜயன் தொண்டையைக் கனைத்தார். "நம்மளது நாய் கழுத்துல, மேடம்."

"என்னோடது மாமியார் கையில. அவங்கதான் டெய்லி காய் வாங்க பாசாருக்கு நடப்பாங்க," என்றது பின்வரிசை. அதற்குப் பின்னும் வரிசையாக வாக்குமூலங்கள் வந்தன. கார்த்திகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இத்தன பேர்ல சொந்த உடம்ப அசைச்சது சுகுமாறன் சார் மட்டும்தானா?"

அவள் அவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வாணி பால்குடம் எடுத்த அன்று அவர் கோப்புகளும் என் தலையில் விழுந்தன. முணுமுணுத்துக்கொண்டேதான் பார்த்தேன். பதினொரு மணிக்கு வாணியின் அத்தை ஒரு வீடியோ அனுப்பினாள். தலையில் குடத்தோடு வாணி வருகிறாள். அவளைப் பார்த்தபடியே, கண்ணீர் வழிய உறுமியைத் தேய்த்துக்கொண்டு, பின்னோக்கி அடி மேல் அடி வைத்துப் போகிறார் அப்பா. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

எதிரே இருந்த தணிக்கையாளர் பதறிப்போய் என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல பாஸ். எங்க சுகுமாறன் நடக்கிறாரு," என்றேன்.