அக்காவின் துப்பாக்கிக்கு வாங்கிய கேமரா

எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வீடியோ கேமரா வந்தது கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ அல்ல, அக்கா துப்பாக்கி சுடுவதைப் படம் பிடிப்பதற்காக. இதைச் சொன்னால் நான் கதை விடுகிறேன் என்றுதான் இப்போதும் சிலர் நினைக்கிறார்கள். கே.கே. நகரில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குக் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர் வேலை. அப்படிப்பட்ட வீட்டில் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். துப்பாக்கி கிளப்புக்குச் சொந்தமானது. பள்ளிக்கூடத்து என்.சி.சி. முகாமில் அக்கா ஐந்து குண்டுகளையும் ஒரே இடத்தில் போட்டதைப் பார்த்த சார் ஒருவர், வீட்டுக்கே வந்து பேசி அவளை ரைபிள் கிளப்பில் சேர்த்துக்கொண்டார். பத்து மீட்டர் தூரத்தில் ஓர் அட்டை இருக்கும். அட்டையில் கறுப்பு வட்டம், அதன் நடுவில் எள்ளைவிடச் சிறியதாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைத் தொட்டால் பத்து மதிப்பெண்.

அப்பாவுக்கு இதில் சொல்லி மாளாத பெருமை. தாத்தா காலம்வரை அலங்காநல்லூர்ப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்த குடும்பம் எங்களுடையது. அந்த ஊரில் துப்பாக்கி என்றால் அது யார் வீட்டுச் சுவரில் தொங்கும் என்பது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். மாட்டுக்கு ஊசி போட வருகிறவர்களிடமெல்லாம், "மூத்த பிள்ள ரைபிள் சுடுது" என்று ஆரம்பிப்பார். அவர்கள் "எம்புட்டு தூரத்துலண்ணே?" என்று கேட்கும்வரை மாட்டின் காதை விட மாட்டார்.

அக்காவுக்கு அப்போது பதினாறு வயது, எனக்குப் பதினொன்று. மாநிலப் போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது, நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று மதிப்பெண் இறங்கத் தொடங்கியது. சார் தோள்பட்டையைப் பார்த்தார், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படிகிறதா என்று பார்த்தார், மூச்சை எப்போது நிறுத்துகிறாள் என்று பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பயம்தான் காரணம், துப்பாக்கி முனை கொஞ்சம் ஆடுவது எல்லோருக்கும் உள்ளது என்றார். கடைசியில் அப்பாவிடம், "படம் புடிச்சு அவளுக்கே போட்டுக் காமிங்க. தப்பு அவ கண்ணுக்கே தெரியும்" என்றார். அந்தப் போட்டியில் தேர்வானால் தேசியப் போட்டி. அக்கா அதைப் பற்றி வாயைத் திறந்து பேச மாட்டாள், ஆனால் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அப்பா கேமரா தேடக் கிளம்பியதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. ஒரு வாரம் ஆபீஸில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் கேட்டு, ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு, என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கோரிப்பாளையம் போனார். அங்கே ஒரு சந்தில் கல்யாண வீடியோக்காரர்களுக்குக் கேமரா விற்கும் பாய் ஒருவர் இருந்தார். பாய் மூன்று கேமராக்களைக் கண்ணாடி மேல் எடுத்து வைத்தார். மூன்றும் உள்ளங்கையில் அடங்கும், கேசட் போடுகிற ரகம். அப்பாவின் கண் நேராகப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்த ஜூம் எண்ணுக்குப் போனது. விலை குறைந்த கேமராவில்தான் அந்த எண் பெரிதாக இருந்தது.

"அண்ணே, அந்த நம்பர நம்பாதீங்க. அது படத்த ஊதிக் காமிக்கிற ஜூம். கிட்டப் பார்த்தா கட்டம் கட்டமாத் தெரியும்" என்றார் பாய்.

"பத்து மீட்டர்ல எள்ளு மாதிரி புள்ளி இருக்கு பாய். அது தெரியணும்ல?"

"சுடுறது மகதானே? அப்ப மகள எடுப்பீங்களா, புள்ளிய எடுப்பீங்களா?"

அப்பா தாளைப் பார்த்தார். தாளில் அந்தக் கேள்வி இல்லை. கை ஆடினாலும் படம் ஆடாத நடு விலைக் கேமராவைப் பாய் எடுத்துக் காட்டினார். விலை கூடிய மூன்றாவதைத் தொடவே வேண்டாம் என்று அப்பா கையைக் காட்டிவிட்டார். பெரிய ஜூம் உள்ள கேமராவை வாங்கிக்கொண்டு வந்தோம். படம் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. சாயங்காலம் அப்பாவுக்கு டியூட்டி, அம்மாவுக்குத் தையல். வீட்டில் சும்மா இருக்கும் ஒரே ஆள் நான்தான் என்று அம்மா சொன்னாள். எனக்கு அது பட்டாபிஷேகம் நடந்த மாதிரி இருந்தது.

முதல் கேசட்டை டி.வி.யில் போட்டபோது வீடே சிரித்தது. ஜூமில் அக்காவின் கையும் துப்பாக்கி முனையும் மட்டும் திரையை அடைத்து நிற்க, படம் கிடுகிடுவென்று ஆடியது. "குளிர் ஜொரத்துல எடுத்தியாடி?" என்று அம்மா கேட்டாள். மறுநாள் அப்பா கேமரா நிறுத்தும் முக்காலி ஒன்றை இரவல் வாங்கி வந்து அதன்மேல் கேமராவைத் திருகிக் கொடுத்தார். அப்போதும் ஆடியது. மூச்சு விடாதே என்றார்கள். மூச்சு விடாமல் எடுத்தேன், அப்போதும் ஆடியது. பொத்தானை அழுத்தும்போது நான்தான் முக்காலியை இடிக்கிறேன் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். அக்கா மட்டும் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மறுபடி கோரிப்பாளையம் போய், பாயின் கையைக் காலைப் பிடித்து, அந்தக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேற்கொண்டு பணம் கட்டி நடு விலைக் கேமராவை வாங்கி வந்தார். இப்படியே ஒரு மாதம் ஓடிவிட்டது. வீட்டில் எல்லோரும் என் கையையும் கேமராவையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருந்தோம்.

புதுக் கேமராவோடு போன முதல் நாளே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பக்கவாட்டில் முக்காலியை நிறுத்தி, பொத்தானை அழுத்திவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சின்னத் திரையில் ஜன்னல் கம்பி அசையவில்லை. சுவரில் இருந்த பல்லி அசையவில்லை. அக்காவுக்கு அடுத்து நின்ற பையனின் துப்பாக்கி முனை லேசாக மிதந்து நின்றது. அக்காவின் துப்பாக்கி முனை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. துப்பாக்கியை இறக்கி, அடுத்த குண்டை எடுத்தபோது அவள் விரல்களும் அப்படியே அடித்துக்கொண்டன.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பயிற்சி முடிந்து சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் கேசட்டைப் பின்னால் ஓட்டி அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். "பாத்தியா? நான் ஆட்டல. நீதான் ஆடுற" என்றேன். நிரபராதி என்று தீர்ப்பு வந்தவளைப் போலக் குதித்தேன்.

அக்கா அதை மூன்று முறை போட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்பாட்ட காட்டாத" என்றாள்.

"ஏன்? எல்லாரும் என்னையத் திட்டுறாங்க."

"மேட்ச் முடியட்டும், நானே சொல்லுறேன். ரெண்டு மாசம்தானடி. இப்பச் சொன்னா அப்பா என்னைய வீட்டுல உக்கார வச்சுருவாரு." கேமராவை என் கையில் திணித்தாள். "இனிமே என்னைய எடுக்காத. டார்கெட்ட மட்டும் எடு. சார்ட்ட நான் பேசிக்கிறேன்."

கேமரா பக்கத்தில் இருந்தால் கவனம் சிதறுகிறது என்று சாரிடம் சொன்னாள். குண்டு எங்கே விழுகிறது என்றாவது தெரியட்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆடிய பழைய கேசட்டுகளையும் இந்தக் கேசட்டையும் ஆரம்பத்துக்கு ஓட்டி, அந்தப் படங்களின் மேலேயே அட்டையை எடுக்கச் சொன்னாள். என் பக்கம் இருந்த ஒரே சாட்சி இந்தக் கேசட்தான். இருந்தாலும் ஒருநாள் ரைபிளைத் தூக்கிப் பார்க்கத் தருவதாகச் சொன்னதால் அழித்தேன். அப்பாவிடம் சொல்ல மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியமும் செய்தேன்.

அதற்குப் பிறகு டி.வி.யில் கறுப்பு வட்டம் மட்டும்தான் வந்தது. அசையாத, அழகான கறுப்பு வட்டம். 'டப்' என்ற சத்தத்தோடு அதில் ஓட்டை விழும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, கேமராவ மாத்துனதும் சரியாயிருச்சு" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த நாட்களில் அக்கா தன் ரெக்கார்டு நோட்டை என்னை எழுதச் சொன்னாள். சட்டைப் பொத்தானை என்னைப் போட்டுவிடச் சொன்னாள். இரண்டு முறை காபி டம்ளரைக் கீழே போட்டாள். "கையில எண்ணெயத் தடவிக்கிட்டு வந்தியா?" என்று அம்மா திட்டினாள். துப்பாக்கி சுடுகிற திமிரில் என்னை வேலைக்காரியாக்கப் பார்க்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நோட்டில் வேண்டுமென்றே கோழிக் கிறுக்கலாக எழுதிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்குப் பிடிப்பதில்லை.

போட்டி அன்று அப்பா லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். "அட்டையவே என்னத்த எடுக்குற? அக்காவ எடு" என்று பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார். நான் கேட்காத மாதிரி நின்றேன். அக்கா சுட்ட குண்டுகள் வட்டத்தில் மேலும் கீழுமாகச் சிதறின. பாதி முடியும் முன்பே ஒரு சத்தம் கேட்டது, அவள் அட்டையில் ஓட்டை விழவில்லை. பக்கத்துப் பெண்ணின் அட்டையில் கூடுதலாக ஓர் ஓட்டை இருந்தது. நடுவர் வந்து இரண்டு அட்டையையும் பார்த்து ஏதோ எழுதினார். அக்கா துப்பாக்கியை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, கனமான கேன்வாஸ் சட்டையைக் கழற்ற முயன்றாள். வாரை அவிழ்க்க அவளால் முடியவில்லை. சார்தான் வந்து அவிழ்த்துவிட்டார்.

தானே சொல்லுவதாகச் சொன்னவள் சொல்லவில்லை. அறைக்குள் படுத்துக்கொண்டாள். தோற்ற வருத்தம் என்று வீட்டில் ஒரு மாதம் விட்டுவிட்டார்கள். அப்புறம் அவள் பேச்சுக் குழற ஆரம்பித்தது. அந்த டாக்டர் இந்த டாக்டர் என்று சுற்றி, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அக்காவின் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். கருவிழியைச் சுற்றி மங்கிய பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் இருந்ததாம். உடம்பில் செம்பு தங்கிக்கொண்டே போகிற நோய், ஈரலையும் மூளையையும் கெடுக்கும், கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்றார். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை.

அக்காவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போயிருந்த நேரம், கை நடுக்கம் எப்போது தொடங்கியது என்று டாக்டர் கேட்டார். போட்டிக்குப் பிறகுதான் என்றார் அப்பா. பிறகு ஏதோ நினைவு வந்தவராக முகம் மலர்ந்து, "எங்கிட்ட வீடியோவே இருக்கு டாக்டர், ஓடிப்போய் எடுத்துட்டு வாரேன்" என்று ஸ்கூட்டரில் பறந்து போய், மஞ்சப்பையில் கேமராவையும் கேசட்டுகளையும் அள்ளிக்கொண்டு வந்தார். டாக்டர் பொறுமையாக ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கறுப்பு வட்டம். கறுப்பு வட்டம். அடுத்ததிலும் அதேதான்.

"கைய எடுத்தது ஒண்ணுகூட இல்லையா?"

"சின்னதுதான் எடுத்துச்சு. அதுக்கு வெவரம் பத்தாது டாக்டர்" என்றார் அப்பா. என் தலையில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் மருந்து நன்றாகக் கேட்டிருக்கும் என்று டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கேசட்டை அழித்ததற்கு அப்பா என்னைத் தோலை உரித்துவிடுவார் என்ற பயத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று வார்டில் அக்கா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குழறலாக, "சொல்லிட்டியா?" என்றாள். இல்லை என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என்னைப் பாராட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அக்கா அதன் பிறகு ஒன்றரை வருடம் இருந்தாள்.

அப்பாவுக்கு இப்போது ஓய்வு வயது தாண்டிவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும், பேச்சு அக்காவைத் தொட்டால், அவர் சொல்வது ஒன்றுதான்: "கன்னுக்குட்டி நடக்குறதப் பாத்தே நோவு சொல்லுவேன் நான். எம்பிள்ளையப் பாக்கத் தெரியல. கடைக்கார பாய் அன்னைக்கே எடுத்து வச்சாரு, காசு பாத்து மட்டமான கேமராவ வாங்குனேன். மொதல்லயே நல்லதா வாங்கியிருந்தா அதுலயே தெரிஞ்சிருக்கும், எம்பிள்ள பொழைச்சிருக்கும்." வந்தவர்கள் விதி என்பார்கள். நான் காபி எடுத்துவரும் சாக்கில் எழுந்து போய்விடுவேன். கேமராவில் எல்லாம் தெரிந்தது அப்பா என்று இத்தனை வருடங்களில் ஒருமுறைகூட என்னால் சொல்ல முடியவில்லை. டாக்டர் அறையில் அன்று நான் பயந்தது ஒரே ஒரு திட்டுக்கு. வாயைத் திறக்காமல் இருந்தால் அது என்னைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். என் தலையில் கை வைத்து நின்றவர் அதைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார் என்பது பதினொரு வயதில் எனக்குத் தெரியவில்லை.