வழக்கு முடியும்வரை

எங்கள் மகள் கொழும்பில் வேலைக்குப் போன பிறகு, நோர்வூட் வீட்டில் நானும் கணவரும் மட்டும்தான். சிறுவர் நன்னடத்தை அதிகாரியம்மாவுக்கு அது தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் மழையோடு மழையாக இரண்டு பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“கொஞ்ச நாளைக்கு வச்சிருப்பியளோ டீச்சர்? வழக்கு முடியுமட்டும்தான்.”

பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு மூன்று. மஸ்கெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்த தாய் காய்ச்சலில் இறந்து போயிருந்தாள். வேலை தேடிக் கொழும்புக்குப் போன தகப்பன் சாவுக்கும் வரவில்லை. லயத்து வரிசை வீடுகளில் அக்கம்பக்கத்தார்தான் மாறி மாறிச் சோறு போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை யார் பொறுப்பில் விடுவது என்றுதான் வழக்கு. கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். யோசித்திருந்தால் ஒருவேளை பயந்திருப்பேன்.

பெரியவள் தங்கையை என்னிடம் விடவே இல்லை. குளிப்பாட்டுவது, சோறூட்டுவது எல்லாம் அவள்தான். நான் சீப்பை எடுத்தால், “குடுங்க டீச்சர், நான் பாத்துக்கிறேன்” என்பாள். தன் ரொட்டியில் பாதியைத் தங்கைக்கென்று தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள்.

ஒரு மாலை, அடுப்படியில் சின்னவள் என் காலைக் கட்டிக்கொண்டு ‘அம்மா’ என்றாள். பெரியவள் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

“இவங்க டீச்சர். நம்ம அம்மா செத்துப் போச்சு.”

சொல்லிவிட்டு அவளே அழுதாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் அழுதது அன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து, “ஒங்கம்மா எடத்துக்கு நான் வரல கண்ணு. டீச்சராவே இருக்கேன்” என்றேன். மறுநாள் காலையில் சீப்போடு வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

ஒரு வருடம் கழித்துத் தகப்பன் வந்தான், புது மனைவியோடு. சாதுவாக, கூச்சத்தோடு பேசினான். கெட்டவனாக இருந்திருந்தால் தடுத்துப் பேச எனக்கு ஏதாவது இருந்திருக்கும். பிள்ளைகளை அவனிடமே ஒப்படைக்கச் சொன்னது நீதிமன்றம்.

போகிற அன்று சின்னவள் ஆட்டோவில் ஏறமாட்டேன் என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். பெரியவள்தான் அந்த விரல்களைப் பிரித்தாள்.

“டீச்சர் பின்னால பஸ்ஸுல வருவாங்க. ஏறு.”

பிறகு என்னைப் பார்த்தாள். “ஆமா பாப்பா, வர்றேன்” என்றேன். ஆட்டோ வளைவில் திரும்பும்வரை கணவர் வெளியே வரவில்லை. அன்று நாங்கள் இரண்டு பேரும் சமைத்ததைத் தொடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, ஹட்டன் பஸ் நிலையத்தில் அவர்களைக் கண்டேன். சின்னவள் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுச் சித்தியின் பின்னால் ஒதுங்கினாள். பெரியவள் இடுப்பில் கைக்குழந்தையோடு கிட்டே வந்தாள்.

“தங்கச்சிக்கு ஒங்கள ஞாபகம் இல்லங்க டீச்சர். சின்னப் புள்ளதானே.”

எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று புரிந்தது.

“நீ ஸ்கூலுக்குப் போறியா?”

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். “தம்பியப் பாத்துக்க ஆளு இல்லைங்க. சித்தி கொழுந்து பறிக்க மலைக்குப் போறாங்க.”

அதற்குள் மஸ்கெலியா பஸ் வந்துவிட்டது.

மறுநாளே அதிகாரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் அந்தத் தோட்டத்துக்குப் போய்ப் பேசினார். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாளாம், வாரத்தில் சில நாள். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று கணவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். மறுபடியும் விட்டுவிட்டு வரவேண்டுமே என்றுதான் எனக்குக் கால் எழவில்லை.