அரைக் கட்டை இறக்கம்

என் அக்காவுக்குப் பொறுமை அதிகம் என்று குழுவில் எல்லோரும் சொல்வார்கள். அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தப் பொறுமையால்தான் மூன்று பெண்களுக்கு வேலை போனது.

எங்கள் இசை நாடகத்தில் அக்கா கீபோர்டு வாசிக்கிறாள். நான் உடைகளைத் தேய்த்து, பிரிந்த தையலைப் போடுகிறேன். அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், முதலாளியும் அவரே, கதாநாயகனும் அவரே. தபால்காரனுக்கும் டெலிபோன் ஆபரேட்டருக்கும் காதல், அவ்வளவுதான் கதை. ஒரு பள்ளிக்கூட ஹாலில் இரண்டே காட்சி என்று ஆரம்பித்தோம். கடைசியில் இருவரும் சேர்ந்து பாடும் பாட்டுக்கு ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டிவிட்டார்கள். அன்று பிடித்த சனியன், இன்னும் செட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அலைகிறோம். தபால்காரனுக்கு இருபத்திரண்டு வயது. அத்தான் பேத்தி எடுத்தாயிற்று.

வயதானால் குரல் ஏறாது, அதில் என்ன தப்பு? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அக்கா சொல்லவில்லை. அவர் மனம் நோகக் கூடாதென்று, கீபோர்டில் பட்டனை அமுக்கிச் சுருதியை அரைக் கட்டை இறக்கினாள். அடுத்த சுற்றுப்பயணத்தில் இன்னொரு அரை. அப்புறம் இன்னொன்று, இப்படியே இறங்கிக்கொண்டே போனது. அத்தானோ போகிற ஊரிலெல்லாம் பேட்டி கொடுப்பார்: "அன்னைக்கு எந்த சுருதியோ, இன்னைக்கும் அதேதான்!" எனக்கு இஸ்திரிப் பெட்டியை வீசத் தோன்றும்.

அவருக்கு இறங்கினால் கதாநாயகிக்கும்தானே இறங்கும்? கடைசிப் பாட்டில் அவள் பாடும் அடிகள் பாதாளத்துக்குப் போய்விட்டன. வாய் அசையும், காற்று வரும், குரல் வராது. "பொண்ணுக்குத் தொண்டையே இல்லை" என்று அத்தான் ஆளை மாற்றினார். அடுத்தவளுக்கும் அதே கதி. மூன்றாமவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

நாலாமவள் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தவள். நான் கவுனுக்கு ஊக்கு மாட்டும்போது தன் சுருதியில் பாடுவாள். வெளியே போகிறவர்கள் நின்று கேட்பார்கள். மேடை ஏறினால் ஊமை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே அத்தான் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை பகல் காட்சியோட இவளையும் அனுப்பிடலாம்."

அவர் கை கழுவப் போனதும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "நீ வாயைத் திறக்கிறியா, நான் திறக்கட்டுமா?"

"சும்மா இருடி."

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டு வந்தது. அக்கா சுருதியைப் பள்ளிக்கூட ஹாலில் இருந்த இடத்துக்கே ஏற்றி ஆரம்பித்தாள். அத்தான் முதல் அடியில் திணறினார், இரண்டாவதில் இருமினார், பிறகு தபால் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். அந்தப் பெண் பாடினாள். கிளம்ப எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். திரைக்குப் பக்கத்தில் நின்று நான் அழுதுவிட்டேன்.

மேக்கப் அறையில், மைக் சரியில்லை என்று அத்தான் குதிப்பார் என எதிர்பார்த்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே அக்காவிடம், "ரெண்டரைக் கட்டையை ஒரேயடியா ஏத்திட்டியே. அடுத்த ஊர்ல பழையபடி இறக்கி வச்சிடு" என்றார்.

அக்கா கேட்டாள்: "உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் தடவை நீ இறக்கினப்பவே தெரியும்."

"அப்ப அந்த மூணு பொண்ணுங்க?"

அத்தான் துண்டை மடித்தார்.

"இனிமே இந்தப் பொண்ணோட சுருதிதான்," என்றாள் அக்கா. "முடிஞ்சா பாடுங்க. முடியலைன்னா உங்க வரியைப் பேசிட்டுப் போங்க."

இப்போது அத்தான் பேசுகிறார். அதற்கும் ஜனங்கள் கைதட்டித் தொலைக்கிறார்கள். அது தன் யோசனை என்று பேட்டி வேறு!

போன மூன்று பேருக்கும் அக்கா போன் போட்டாள். ஒருத்திதான் எடுத்தாள். அவள் பாடுவதையே விட்டுவிட்டாளாம். அக்கா நடந்ததையெல்லாம் சொல்லி முடித்ததும், அவள், "அப்ப என் தொண்டை நல்லாத்தான் இருந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.