காதைப் பொத்தினால் திமிரா?

போன ஜூலையில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி என்னைக் கடித்துவிட்டாள். வலது கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே.

சிரிக்காதீர்கள்... தப்பு என் பேரில்தான்.

வாராவாரம் இங்கே வந்து கதை அளக்கிற நான், மற்ற நாட்களில் திருவொற்றியூரில் மூன்றாம் வகுப்பு டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும். என் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். சும்மா நிற்குமா? ஹாரன்! எங்களுக்கெல்லாம் பழகிவிட்டது.

நஸ்ரினுக்குப் பழகவில்லை. ஹாரன் கேட்டதும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். யூனிஃபார்ம் காலரைப் பிடித்துப் பிடித்து இழுப்பாள். ட்யூப் லைட் மினுக்கினால் அழுகை. நோட்டில் ஒரு வரி இருக்காது.

அன்றைக்கு எனக்குப் பொறுமை போய்விட்டது. "நடிக்காதே!" என்று அவள் கையைக் காதிலிருந்து பிடித்து இழுத்தேன். கடித்தாள்.

தலைமையாசிரியை ஒரே போடாகப் போட்டார். "ஒரு மாசம் பாருங்க. சரியாகலைன்னா வேற ஸ்கூல் பார்த்துக்கச் சொல்லிடலாம். மத்த பிள்ளைங்களுக்கு யார் பதில் சொல்றது?"

மறுநாள் நஸ்ரினின் அப்பா சாதிக் வந்தார். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஜெனரேட்டர் ரூம் ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார்.

"வூட்ல குக்கர் விசில் அடிச்சாலே பாத்ரூம்ல போயி ஒளிஞ்சிக்கினு கீறா மிஸ். திமிரு புடிச்சவன்றாங்க எல்லாரும். நானும் ரெண்டு தபா அடிச்சிட்டேன்."

அவர் கழுத்தில் மஞ்சளாக என்னவோ தொங்கியது. "என்ன பாய் அது?" என்று கேட்டேன்.

"இதுவா? காதை மூடிக்கிற இயர் மஃப் மிஸ். ஜெனரேட்டர் சத்தம் காதைப் பிச்சிக்கும். இது இல்லாம உள்ளயே வுட மாட்டானுங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அதைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார்.

"எனுக்கு கம்பெனியே குடுக்குது. எம் பொண்ணு வெறும் கையால பொத்திக்கினதுக்கு அடிச்சிருக்கேனே மிஸ்..."

நானும் அதே பிஞ்சுக் கையைத்தான் பிடித்து இழுத்திருந்தேன். என் கையில் பேண்டேஜ்.

தனிக் கவனிப்பு வேண்டிய பிள்ளைகளுக்காக எங்கள் பள்ளிக்கு வாரம் ஒருமுறை வரும் சிறப்பாசிரியையிடம் கேட்டேன். "அவ நடிக்கல மேடம். நமக்குக் கேட்கிற ஹாரன் வேற, அவளுக்குக் கேட்கிற ஹாரன் வேற. சட்டை லேபிள் உரசறதுகூட அவளுக்கு முள்ளு குத்தற மாதிரி இருக்கலாம்" என்றார்.

அன்றே நஸ்ரினிடம் எதெது தொல்லை என்று கேட்டு, முதலில் காலர் லேபிளை வெட்டினோம். ஜன்னல் ஓரத்திலிருந்து உள்சுவர் பக்கம் இடம் மாற்றினேன். சாதிக் சின்ன அளவில் ஒரு இயர் மஃப் வாங்கி வந்தார். ரொம்ப முடியாதபோது அலமாரிக்குப் பின்னால் பாய் விரித்து ஐந்து நிமிஷம் உட்காரலாம் — யாரிடமும் கேட்க வேண்டாம்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா? முதல் வாரம் வகுப்பு முழுக்க இயர் மஃப் கேட்டு ஒரே ரகளை. சரி, ஆளுக்குக் கொஞ்ச நேரம் போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டேன். "காது வேர்க்குது மிஸ்" என்று அவர்களே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருநாள் நஸ்ரின் காலையிலிருந்து மதியம் வரை பாயிலேயே கிடந்தாள். நான் பயந்துதான் போனேன்.

மாதக் கடைசியில் தலைமையாசிரியை வகுப்புக்குள் வந்து நின்றார். போர்டில் நஸ்ரின், ஒரு கழித்தல் கணக்கின் பாதியில். வெளியே நீளமாக ஒரு ஹாரன்... நஸ்ரின் கழுத்திலிருந்த மஃபைக் காதில் ஏற்றினாள். கடன் வாங்கினாள், கழித்தாள், விடையை எழுதினாள். ஹாரன் ஓய்ந்ததும் மஃபை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள் — விடை சரி!

தலைமையாசிரியை மேலே பார்த்தார். "இந்த ட்யூப் லைட் ஏன் இப்படி மினுக்குது? இன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வேறு பள்ளிப் பேச்சு அதோடு சரி.

பெரியவர்களுக்கு என்றால் இயர் மஃப் பாதுகாப்புச் சாதனம், பிள்ளைகளுக்கு என்றால் மட்டும் அடமா? பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

அந்தத் தைரியத்தில் போன வெள்ளிக்கிழமை வகுப்பு முழுவதையும் கேட்டேன். "இங்கே உங்களுக்கு எதுடா ரொம்பத் தொல்லை?"

"நீங்க கத்துறதுதான் மிஸ்!"