பாதம் பார்க்கும் ஜெகதாம்பாள்

நெமிலிச்சேரி நடைமேடையில் எதிரே வருகிறவர்களின் முகத்தை ஜெகதாம்பாள் பார்ப்பதில்லை. பாதங்களைப் பார்க்கிறார். கீரைக் கூடையை இறக்கிவிட்டுக் கால் நீட்டியிருக்கும் பெண்ணிடம் போய், "அந்தக் காலக் கொஞ்சம் தூக்கிக் காட்டும்மா" என்கிறார். புதிதாக வருகிறவள் திடுக்கிட்டுப் புடவையை இழுத்து மூடிக்கொள்வாள். தினமும் வருகிறவர்கள் பேச்சை நிறுத்தாமலேயே உள்ளங்காலைத் திருப்பிக் காட்டிவிடுவார்கள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். நூல் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். பெற்றோர் பட்டாபிராம் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர்கள். இவர் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தோல் புற்றுநோயை ஆராய்கிறார். வெள்ளைத் தோல்காரர்களுக்கு வெயில் படும் இடங்களில் அதிகம் வருகிற கரும்புற்று, நம்மவர்களுக்குப் பல சமயம் வெயிலையே காணாத உள்ளங்காலில் வந்து ஒளிந்துகொள்கிறதாம்.

எங்கள் தெரு முனியனின் குதிகாலையும் அப்படித்தான் பார்த்தார். முனியனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை. குதிகாலில் மையைக் கொட்டியது போல ஒரு கறுப்பு. "பொறி பட்ட தழும்புக்கா. வலியே கெடையாது" என்றார். மறுநாளே ஜெகதாம்பாள் அவரை மருத்துவமனைக்கு இழுத்துப் போனார். கரும்புற்றேதான். குதிகால் சதையையும் தொடை இடுக்கில் திரண்டிருந்த கட்டியையும், அங்கேயும் நோய் பரவியிருந்ததால், வெட்டி எடுத்தார்கள். அதில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தர முடியுமா என்று ஜெகதாம்பாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "எட்துக்கோக்கா. அத்த வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்" என்றார் முனியன்.

அந்தத் துண்டிலிருந்து பிரித்த செல்கள் கண்ணாடித் தட்டில் வளர்ந்தன. போன வருடம், தொண்ணூற்றேழில் ஒருநாள் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தேன். கூர்முனை நீட்டி, ஒன்றை ஒன்று தொட்டபடி, உயிரோடு இருந்தன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஓயாமல் செய்தி நடக்கிறது என்றார். வெளியே ஒன்று வந்து தட்டினால் உள்ளே ஒரு புரதம் அடுத்ததை உசுப்பும். அது இன்னொன்றை உசுப்பும். இப்படியே உட்கரு வரைக்கும் செய்தி போகும். வளர், நில், செத்துப்போ. நல்ல செல் மூன்றுக்கும் கட்டுப்படும். முனியனின் செல்களில் 'வளர்' என்பது மட்டும் நிற்கவே இல்லை.

அந்தச் செய்தி போகும் வழியை ஒரு மருந்தால் அடைத்துப் பார்த்தார். செல்கள் அடங்கின. சில வாரங்களில் மறுபடி பெருகின. அன்று மாலை ரயிலில் அவர் கண்கள் பளபளத்தன. "ஒரு வழிய அடைச்சா பக்கத்து வழில பூந்துகினு போவுது. ரெண்டும் உள்ளாற கைகோத்துகினு கீது. இத்தினூண்டு செல்லுக்கு இன்னா மூளை பாரேன்" என்றார். சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டார். முனியன் இருமலில் ரத்தம் துப்பத் தொடங்கியிருந்த வாரம் அது. நோய் நுரையீரலுக்குப் போயிருந்தது.

செல்கள் பக்கத்து வழியில் புகுந்ததையும் அவர் முனியனிடம் மறைக்கவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். முனியனுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "என்ன மாதிரியே கீதுக்கா. ரயில் கேட்டு மூடிகீதுன்னா நான் என்னிக்கு நின்னேன்?" என்றார்.

அடுத்து இரண்டு வழிகளையும் ஒரே நேரத்தில் அடைத்தார் ஜெகதாம்பாள். தட்டில் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போயின. அதைக் கேட்டதும் முனியன் எழுந்து உட்கார்ந்து, அந்த மருந்தைத் தனக்கு ஏற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது. அந்த வழிகள் நல்ல செல்லுக்கும் வேண்டும். உடம்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வருடங்கள் ஆகும். ஜெகதாம்பாள் ஒன்றையும் மழுப்பாமல் சொன்னார். முனியன் திரும்பி மனைவி முத்தம்மாளிடம் அக்காவுக்கு டீ போடச் சொன்னார்.

ஐப்பசி மழையில் முனியன் போய்ச் சேர்ந்தார். அவருடைய செல்கள் ஆய்வுக்கூடத்தில் இன்னும் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. காரியம் முடிந்த பின் முத்தம்மாள் அவற்றைப் பார்க்க வேண்டும் என்றாள். நானும் கூடப் போனேன். ஜெகதாம்பாள் நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து அவளை உட்கார வைத்தார்.

"இது அவருதானாக்கா?"

"அவரு இல்ல முத்தம்மா. அவர இட்டுகினு போனது."

முத்தம்மாள் கண்ணை எடுக்காமல், "செத்தது எங்க கீது?" என்று கேட்டாள்.

ஜெகதாம்பாள் இரண்டு வழிகளையும் அடைத்திருந்த தட்டை மாற்றி வைத்தார். நீட்டிய முனைகள் எல்லாம் சுருங்கி, உருண்டைகளாகி, தட்டின் அடியில் ஒட்டாமல் நீரில் மிதந்துகொண்டிருந்தன. முத்தம்மாள் வெகுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

ஜெகதாம்பாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நுண்ணோக்கியில் முத்தம்மாள் கண் வைத்திருந்த கண்ணாடி நனைந்திருந்தது. அதைத் துடைக்காமல் அப்படியே கண்ணை வைத்துப் பார்த்தார்.