ரங்கத்துக்கு ஒட்டுச்சோள விதை தேடிப் போனோம்

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜனவரி மாதம் நானும் என் கணவரும் ரங்கத் போனோம். விதைக்காகத்தான். போர்ட் பிளேரில், மின்னி பே குடியிருப்பில் வீட்டுக்குப் பின்னால் நான் போட்ட மக்காச்சோளம் இரண்டு வருஷமாகக் கதிரே பிடிக்கவில்லை. மெயின்லேண்ட் விதை இந்த மழையைத் தாங்கவில்லை. ரங்கத் பக்கம் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய செல்லம் என்ற பெண்மணியிடம் பழைய ரகம் இருப்பதாக என் கணவரின் ஆபீஸில் சொன்னார்கள். கருஞ்சிவப்பு மணி. வேகவைத்தால் பசை மாதிரி ஒட்டுமாம், அதனால்தான் ஒட்டுச்சோளம்.

போர்ட் பிளேரில் காலை ஆறு மணிக்குக் கப்பல். ரங்கத் பே ஜெட்டியில் இறங்கியபோது மதியம் இரண்டு. (வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், நான் பட்டேன்.) அங்கிருந்து பஜார் ஏழு கிலோமீட்டர். தெரிந்தவர் வீட்டில் தங்கி, மறுநாள் ஒன்பது மணிக்கு ஜீப் பிடித்தோம். ஆறு கிலோமீட்டர் மண் பாதை, பத்து ரூபாய்.

"அந்தம்மா தோட்டத்துல யாரையும் சத்தமா கூப்பிடாதீங்க சார்," என்றார் டிரைவர். "அவங்க ஆத்மி, புருஷன்தான், மரம் வெட்டக் காட்டுக்குள்ள போனவர். வாபஸே வரல." கூப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் கியரை மாற்றினார்.

செல்லத்துக்கு ஐம்பது வயதிருக்கும். முதல் நாளே ஊறவைத்த சோளத்தை ஒன்றிரண்டாக இடித்து, தேங்காய்ப்பாலில் வேகவைத்துத் தந்தார். அப்படியொரு ருசி! நான் பக்குவம் கேட்டுக்கொண்டிருந்தேன்; என் கணவர் கதிர் பார்க்கப் போனார். அரை மணி நேரமாகியும் ஆளைக் காணோம். கூப்பிட வாயெடுத்தேன். செல்லம் சட்டென்று என் வாயைப் பொத்தினார்.

"கூப்பிடாதீங்கம்மா. போய்க் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க."

சோளம் என்னைவிட உயரம். காற்றே இல்லை. ஆனாலும் எனக்கு முன்னால் ஒரே ஒரு வரிசை மட்டும் சலசலத்துக்கொண்டே போனது. கடைசி வரிசையைத் தாண்டி, காட்டுக்குள் இருபதடி தள்ளி அவர் நின்றிருந்தார். ஒரு காலில் செருப்பில்லை. கையைப் பிடித்ததும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நீ அங்கேயிருந்துல்ல கூப்பிட்டே? மூணு தடவை கூப்பிட்டியே!"

அவர் காட்டியது காட்டின் உள்பக்கம். பிடித்த கையை விடாமல் அவரை வெளியே இழுத்து வந்தேன்.

திரும்பி வந்ததும், "மைனாவா இருக்கும். இந்தத் தீவு மைனா மனுஷங்க மாதிரியே பேசும்," என்றார் கணவர்.

"இருக்கும் சார்," என்றார் செல்லம். "எனக்கு அது என் வீட்டுக்காரர் குரல்ல கேக்கும். வெயில் ஏறினா கூப்பிடும்."

"நீங்க போனதில்லையா?" என்றேன்.

"கடைசி வரிசை வரைக்கும் போயிருக்கேன். மாயாபந்தர்ல இருக்கிற என் தம்பி, அங்க வந்துடுன்னு சொல்றான். நானும் போயிட்டா அது யாரைக் கூப்பிடும்மா?"

ஆறு கதிர் கொடுத்தார். ஜீப்பில் ஏறும்போது சோளத்துக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், தெளிவாக: "செல்லம்." எனக்கும் கேட்டது. "இதோ வரேன்," என்று மெதுவாகச் சொன்னார் செல்லம். நகரவில்லை.

விதை தேடிப் போகிறவர்களுக்கு: ஜனவரியில் போங்கள், கதிர் காய்ந்திருக்கும். மணியை உதிர்க்காமல், உரித்த தோலோடு முடிச்சுப் போட்டு அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். புகை பட்டால் வண்டு வராது. பக்கத்தில் வேறு ரகம் போட வேண்டாம், கலந்துவிடும்.

எங்களுக்கு நன்றாகவே விளைந்தது. என் கணவர் கடைசிவரை மைனா என்றுதான் சொன்னார். ஆனால் சோளம் ஆளுயரம் வந்த நாட்களில், தோட்டத்திலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சமையலறைக்கு வந்து, நான் உள்ளேதான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போவார்.