பிழையைப் போய்ப் பார்த்தவள்

சனிக்கிழமை காலை ஹம் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரயில் வழக்கம்போலத் தாமதம். அதைத் திட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் என் சிநேகிதி றீற்றாவின் மூத்த மகள் ஷாமினி தொலைபேசியில் அழைத்தாள். "அன்ரி, அம்மா போயிட்டா," என்றாள். "எங்கை?" என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் விளங்கியது. "இண்டைக்கு விடிய, அன்ரி. நித்திரையிலை," என்றாள். ரயில் வந்தது, கதவு திறந்து மூடியது, போயும் விட்டது. நான் பக்கத்தில் கிடந்த வாங்கில் அப்படியே இருந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மயானத்து மண்டபத்தில் உடலைப் பார்வைக்கு வைப்பதாகவும் கட்டாயம் வரவேண்டும் என்றும் சொன்னாள். ஓம் என்றேன். ஆனால் போவதில்லை என்று அந்த வாங்கில் இருந்தபடியே தீர்மானித்துவிட்டேன். சிரித்த முகமாகவே அவள் என் மனதில் இருக்கட்டும் என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். போக ஏலாதவர்கள் எல்லாரும் சொல்லுகிற நியாயம்தான்.

முப்பத்தோராம் நாள் திருப்பலிக்குக் கூடும் உங்களில் பலருக்கு றீற்றாவைப் பாடகர் குழுவில் தெரிந்திருக்கும். சிலருக்கு முதியோர் இல்லத்தில் தெரிந்திருக்கும். உங்கள் தாய் தகப்பனைக் குளிப்பாட்டி, தலை வாரிவிட்டவள் அவள். எனக்கு அவளைக் கணக்கில்தான் தெரியும். அதனால் இந்தக் கோயில் மலரில் கணக்கைப் பற்றியே எழுதுகிறேன், குறை நினைக்காதீர்கள்.

நாங்கள் இருவரும் நாற்பதைத் தாண்டிய பிறகு படிக்கப் போனவர்கள். நான் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் படங்கள் வரைந்துகொண்டிருந்தேன். எத்தனை காலம் மற்றவன் கணக்குப் போட்டதை வரைவது என்ற எரிச்சலில், வேலையை விடாமலே பொறியியலுக்கு விண்ணப்பித்தேன். றீற்றாவுக்கு முதுகு போய்விட்டது. இனி நோயாளிகளைத் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மருத்துவக் கருவிகள் செய்யும் படிப்பு ஒன்று பக்கத்து நகரத்தில் இருந்தது. வேலை அனுபவத்தை வைத்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள். நானும் அங்கேயேதான் சேர்ந்தேன், இரண்டு படிப்புக்கும் முதல் வருடக் கணிதம் ஒன்றுதான். அதற்கு முன் செப்ரெம்பர் மாதத்தில் ஃபோர்குர்ஸ் என்று ஓர் ஆயத்த வகுப்பு. பின்னம், சமன்பாடு, சார்பு, மடக்கை, திரிகோணகணிதம் எல்லாவற்றையும் சில கிழமைகளில் ஓட்டமும் நடையுமாகத் திருப்பிப் படிப்பிப்பார்கள்.

முதல்நாள் நான் பின்வரிசையில் ஒளிந்துகொண்டேன். மண்டபம் முழுக்கப் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள், ஒரே இரைச்சல். கதவைத் திறந்துகொண்டு கண்ணாடி போட்ட ஒரு தமிழ்ப் பெண் தோளில் பெரிய பையுடன் வந்தாள். இரைச்சல் சட்டென்று அடங்கிவிட்டது. விரிவுரையாளர் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். அவளும் சளைக்காமல் "காலை வணக்கம்" என்றாள். மண்டபமே திருப்பி வணக்கம் சொன்னது. பிறகு அவள் நேரே ஏறி வந்து என் பக்கத்தில் இருந்தாள். "பிள்ளையள் நல்ல மரியாதை," என்று தமிழில் சொன்னாள். அன்று சிரித்த சிரிப்பில் முதல் அரைமணி நேரப் பாடம் எனக்குத் தவறிப்போனது.

மூன்றாம் கிழமை திரிகோணகணிதம். இரண்டு கயிற்றில் தொங்கும் பாரத்தைப் பற்றிய ஒரு கேள்வியை விரிவுரையாளர் பலகையில் போட்டார். றீற்றா கை உயர்த்தினாள். "எனக்கு விளங்கவில்லை. தயவுசெய்து இன்னொருமுறை," என்றாள். இரண்டாம் முறையும் கை உயர்ந்தது. எனக்கு மேசைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது. மூன்றாம் முறை அவர் வேறு படம் கீறி விளக்கியபோது, முன்வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் குனிந்து எழுதினார்கள். அவர்களுக்கும் அதுவரை விளங்கியிருக்கவில்லை.

வெளியே வந்ததும், "வெக்கமா இல்லையா உமக்கு?" என்று கேட்டேன்.

"கலா, ஆளைத் தூக்கிற லிஃப்டர் இருக்கெல்லே, அதின்ரை பட்டி தோளை நெரிக்கும். பட்டி நிமிந்து நிக்காமல் சரிஞ்சு படுக்கப் படுக்க நெரிக்கிறது கூடும். அது என்ரை கைக்குத் தெரியும், பேனைக்குத் தெரியேல்லை. பேனைக்குப் படிப்பிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தனான். பேந்தென்ன வெக்கம்?" என்றாள்.

பேனை அவ்வளவு இலகுவில் படிக்கவில்லை. றீற்றாவுக்குப் பின்னத்தில் ஒரு தீராத நோய் இருந்தது. மேலே ஒரு எழுத்து, கீழே அதே எழுத்து என்று கண்டால் போதும், இரண்டையும் வெட்டிவிடுவாள். மேலே அது இன்னொன்றோடு கூட்டலில் நின்றாலும் பார்ப்பதில்லை. "மேலையும் அவர், கீழையும் அவர். வெட்டினால் என்ன?" என்பாள். "அவர் தனிய வரேல்லையப்பா, குடும்பத்தோடை வந்தவர். அவரை மட்டும் இழுத்துக்கொண்டு போகேலாது," என்பேன். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தில் இன்னொரு குடும்பத்தைப் பிரிப்பாள்.

பெப்ரவரியில் முதல் வருடக் கணிதச் சோதனை. இருவருமே தவறினோம்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. புத்தகங்களைப் பையில் கட்டி நிலவறையில் வைத்துவிட்டேன். இந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தவறினவர்கள் டெர்மின் என்று முன்கூட்டியே நேரம் எடுத்துப் போய், திருத்திய தங்கள் விடைத்தாளை இருந்து பார்க்கலாம். ஐன்சிஷ்ட் என்பார்கள். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. தவறினது போதாதென்று அதைப் போய்ப் பார்க்கவும் வேண்டுமா, வாத்தியாரோடு சண்டைக்குப் போனதாகவல்லவா நினைப்பார்கள்? நானும் அதையேதான் சொன்னேன். றீற்றா விடவில்லை. வீட்டுக்கே வந்து நின்றாள்.

"செத்தவீட்டுக்குப் போறமோ இல்லையோ? போய் முகத்தைப் பாத்தால்தான் மனம் ஆறும். பாக்காமல் விட்டால் அது எங்களைச் சுத்திக்கொண்டே திரியும். பிழையும் அப்பிடித்தான். வெளிக்கிடும்."

வெளிக்கிட்டு அவளோடு போனேன். விடைத்தாள் பார்க்கும் அறையில் இளம் உதவி விரிவுரையாளர் ஒருவர் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு முன் வந்த பையன்கள் அரைப் புள்ளிக்கும் கால் புள்ளிக்கும் அவரைப் பிய்த்து எடுத்திருந்தார்கள். "எந்தக் கேள்விக்குப் புள்ளி கேட்கிறீர்கள்?" என்றார். "ஒன்றுக்கும் இல்லை. பார்க்கத்தான் வந்தேன்," என்றாள் றீற்றா. மனிதர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

நான் என் தாளைப் பார்த்தேன். பிறந்ததில் இருந்து நான் அவசரக்காரி. இரண்டு வரியை மனதுக்குள்ளே செய்துவிட்டு மூன்றாவதை எழுதுவேன். அந்த இடைவெளிகளில் சயக் குறிகளை, கழித்தல் கோடுகளை, சிந்திக்கொண்டே போயிருக்கிறேன். றீற்றா தன்னுடையதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். திரும்பவும் முதலில் இருந்து புரட்டினாள். பிறகு என்னைத் தட்டினாள். "இஞ்சை பாரும். ஒரே கள்ளன்."

"என்ன?"

"எல்லா வீட்டுக்கையும் புகுந்தது ஒரே கள்ளன்தான். இந்தா இதிலையும் வெட்டியிருக்கிறன், இதிலையும், மடக்கையிலையும். திரிகோணகணிதம் எல்லாம் சரி, கடைசி வரியிலை வந்து வெட்டிப்போட்டன். நான் மொக்கு எண்டு நினைச்சன், கலா. நான் மொக்கில்லை."

அதைச் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. ரயிலில் திரும்பி வரும்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எனக்கும் அழுகை வந்தது. நிலவறையில் இருந்து புத்தகங்கள் மேலே வந்தன.

இரண்டாம் சோதனையில் நான் தேறிவிட்டேன். றீற்றா தவறினாள். இனி ஒரு முறைதான். மூன்றாம் முறையும் போனால் படிப்பு இடம் போகும், இந்த நாட்டில் வேறெங்கும் அதே படிப்பைத் தொடங்கவும் விடமாட்டார்கள். முதியோர் இல்லத்துக்குத் திரும்பிப் போகலாம் என்றால் முதுகு விடாது. அவளுடைய கணவர் நல்ல மனுசன். "சரி, இவ்வளவு படிச்சது காணும், உடம்பைப் பாரும்," என்று அன்பாகத்தான் சொன்னார். அவளுக்கு அந்த அன்புதான் தாங்க முடியாமல் இருந்தது. மூன்றாம் நாள் டெர்மின் எடுத்தாள்.

இம்முறை தனியே போய்வந்து என்னிடம் சொன்னாள்: "எழுதினது எல்லாம் சரி. எழுதாததுதான் பிழை." கள்ளனுக்குப் பயந்து ஒவ்வொரு வரியையும் பூட்டிப் பூட்டிப் பார்த்திருக்கிறாள். பாதித் தாள் வெறுமையாகக் கிடந்தது. முதல்முறை துணிச்சல் கெடுத்தது, இரண்டாம் முறை பயம் கெடுத்தது. நான் அவளை ஏசத்தான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நானும் ஒரு பேனையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

அதற்குப் பிறகு அவளுடைய குசினிதான் எங்கள் வகுப்பறை. உலையில் அரிசி போட்டதும் ஒரு கணக்கைத் தொடங்க வேண்டும், சோறு வடிப்பதற்குள் முடிக்க வேண்டும். நான் அகப்பையோடு காவல் நிற்பேன். "வெட்ட முந்தி ஒருக்கா கேளும், இவர் தனியாளா, குடும்பமா எண்டு. ஒருக்காத்தான். பேந்து திரும்பிப் பாக்கக் கூடாது," என்பேன். முதல் மாதம் முழுக்க அந்த வீட்டில் குழைந்த சோறுதான். பிள்ளைகள் ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டார்கள். மெல்ல மெல்லச் சோறு பதமாக வரத் தொடங்கியது. ஒருநாள் அரிசி இன்னும் வேகவில்லை, கணக்கு முடிந்துவிட்டது. றீற்றா பேனையை வைத்துவிட்டு அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இனி என்ன செய்யிறது?" என்றாள். "கறியை வையும்," என்றேன்.

மூன்றாம் சோதனை நாள் நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வெளியே படிக்கட்டில் இருந்தேன். வெளியே வந்தவள் என் பக்கத்தில் இருந்தாள். "முழுக்க எழுதினனான்," என்று மட்டும் சொன்னாள். முடிவு வந்த அன்று தொலைபேசியில், "நாலு," என்றாள். இந்த நாட்டில் ஒன்று என்றால் திறமைச் சித்தி, நாலு என்றால் மயிரிழையில் தப்பினது. "நாலு காணும்," என்று நான் சொன்னேனா, கத்தினேனா தெரியாது. என் மேலாளர் அறைக் கதவைத் திறந்து என்னவென்று பார்த்தார்.

அதோடு விட்டாளா? தேறின தாளையும் பார்க்க டெர்மின் எடுத்தாள். அதே உதவி விரிவுரையாளர். "நீங்கள்தான் தேறிவிட்டீர்களே," என்று தலையைச் சொறிந்தாராம். "அதனால்தான். இன்றைக்கு ஆறுதலாகப் பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டு இவள் இருந்து பார்த்திருக்கிறாள். இரண்டு இடத்தில் கள்ளன் வந்து போயிருந்தானாம். "பழகின கள்ளன், பாவம்," என்றாள்.

படிப்பை முடிக்க அவளுக்கு மற்றவர்களைவிட நீண்ட காலம் எடுத்தது. முடித்து, லிஃப்டர்களுக்குப் பட்டி செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். ஒவ்வொரு புதுப் பட்டியிலும் முதலில் தானே படுத்துத் தொங்கிப் பார்ப்பாளாம். அங்கே வேலை செய்தவர்கள் அதை இப்போதும் சொல்லிச் சிரிக்கிறார்கள், சிரித்துக்கொண்டே அழுகிறார்கள். அந்த வேலை அவளுக்கு இன்னும் கொஞ்சக் காலம் கிடைத்திருக்கலாம். எனக்கு அதில் ஆண்டவனோடு கோபம்தான். கோயில் மலரில் இதை எழுதக் கூடாது என்றால் வெட்டிவிடுங்கள்.

இந்த வசந்தகாலத்தில் நோய் தெரியவந்தது. வைத்தியர் சுற்றி வளைத்துக் கதைத்தார். ஷாமினி எழுந்து தாய்க்கும் ஸ்கான் படம் தெரிந்த திரைக்கும் நடுவில் நின்றாள். றீற்றா மகளின் கையைப் பிடித்து மெல்ல விலக்கிவிட்டு, "படத்தைக் காட்டுங்கள்," என்று கேட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல், ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். அன்று பின்னேரம் நான் போனபோது என்னிடம் சொன்னாள்: "ஒரே கள்ளன்தான், கலா. ஆனால் இந்தமுறை எல்லா வீட்டுக்கையும் குடியிருந்திட்டான்." நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் என் முழங்காலைத் தட்டி, "பாத்திட்டன். இனிப் பயமில்லை. நீர் தேத்தண்ணியைக் குடியும்," என்றாள்.

உடலைப் பார்வைக்கு வைத்த அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நான் வீட்டில் இருந்தேன். உடுப்பு மடித்தேன், மடித்ததைத் திரும்ப மடித்தேன். எந்த மூலையில் போய் நின்றாலும் அவளுடைய குரல்தான். வெளிக்கிடும், வெளிக்கிடும் என்கிறது. கடைசியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மண்டபத்தைப் பூட்டும் நேரம். ஷாமினி கதவடியில் நின்றாள். "வருவியள் எண்டு தெரியும், அன்ரி," என்றாள். அம்மாவுக்குக் கண்ணாடியைப் போட்டு விட்டிருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். நான் இருந்து பார்த்தேன். நெற்றியைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், பேனை பிடித்துப் பிடித்துத் தடித்துப்போன அந்த விரலைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு வரியும் தாவாமல் பார்த்தேன்.

அவளிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: எதற்குப் பயமோ அதைப் போய் இருந்து பார்ப்பது. மனம் ஆறும் என்று சொன்னாள். இன்னும் ஆறவில்லை, றீற்றா. ஆனால் நான் வந்து பார்த்தேன்.